யார் பாடுனது? ‘சுயாதீன இசை’ குறித்துச் சில கேள்விகள்

1

போன மாதம் ஒரு கல்லூரி மாணவி போனில் கேட்டாள். “அக்கா, நீங்க கேக்குற இண்டிபெண்டன்ட் மியூசிக் லிஸ்ட் ஒண்ணு அனுப்புங்கக்கா. எங்க வாசிப்பு வட்டத்துல ஆளுக்குப் பத்துப் பாட்டு, புதுசா கண்டுபிடிச்சது, பகிர்ந்துக்கப் போறோம்.” சரிம்மா என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்து எழுதத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, அது அவ்வளவு லேசான காரியமில்லை. முதலில் எழுத நினைத்த பாட்டுக்கே பெயர் தெரியவில்லை. பாடியவர் பெயரும் தெரியவில்லை. பதினைந்து வருசமாக என்னிடம் இருக்கிற பாட்டு அது.

2009, 2010இல் நான் ஆதிதிராவிடர் நல மாணவியர் விடுதியில் இருந்தேன். பத்துப் பேர் படுக்கிற அறையில் இருபத்திரண்டு பேர். வியாசர்பாடியிலிருந்து வந்த ஒருத்தியிடம் மெமரி கார்டு போட்ட போன் இருந்தது. ராத்திரி விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் ப்ளூடூத்தில் பாட்டு கைமாறும். ஒரு பாட்டு ஏறி முடிகிறவரை ரெண்டு போனையும் ஒட்டவைத்துக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். அப்படி வந்ததுதான் அந்த மரண கானா. சாவு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்து பாடியதை யாரோ போனில் பிடித்திருக்கிறார்கள். டோலக், சட்டி. பின்னால் யாரோ இருமுகிறார். ஒரு குழந்தை அழுகிறது. பிளாஸ்டிக் நாற்காலி தரையில் இழுபடுகிற சத்தம். பாடுகிறவன் ரயிலில் அடிபட்டுச் செத்துப்போன தன் சிநேகிதனைப் பற்றிப் பாடுகிறான். செத்தவன் அன்றைக்குப் போட்டிருந்த சட்டையின் நிறம் வரைக்கும் பாட்டில் இருக்கிறது. சினிமாவில் எத்தனையோ சாவுப் பாட்டு கேட்டிருக்கிறேன். ஒன்றிலும் செத்தவனுக்கு இப்படி ஒரு சட்டை இருந்ததில்லை.

“யாருடி பாடுனது?” என்று கேட்டேன். “எங்க ஏரியா அண்ணன்” என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. போனில் அந்தப் பாட்டுக்குப் பெயர் ‘டிராக் 07’. பாடகர் என்கிற இடத்தில் ‘அன்நோன் ஆர்ட்டிஸ்ட்’. நான் அதை எத்தனையோ பேருக்கு அனுப்பினேன். எல்லாரிடமும் “நான் கண்டுபிடிச்ச பாட்டு” என்று பெருமையாகச் சொன்னேன். கண்டுபிடித்தது! கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்த மாதிரி. அங்கேயும் ஏற்கெனவே ஆள் இருந்தது.

2

‘சுயாதீன இசை’ என்கிற சொல்லை முதலில் பார்ப்போம். தமிழ்நாட்டில் இதற்கு ஒரே ஒரு பொருள்தான் புழக்கத்தில் இருக்கிறது. சினிமாவில் வராத பாட்டு. அவ்வளவே. யாருடைய மூலதனத்தில் செய்யப்பட்டது, யாருக்கு உரிமை, பாடியவர் வீட்டுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்கிற கேள்விகள் எதுவும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. சினிமாவிலிருந்து விடுதலை பெற்றுவிட்டால் எல்லாவற்றிலிருந்தும் விடுதலை பெற்றதாக ஒரு பாவனை. சபாவிலிருந்து? கம்பெனியிலிருந்து? சாதியிலிருந்து?

இன்னொரு சங்கதியும் உண்டு. சினிமாவில் வராத பாட்டைத்தான் சுயாதீன இசை என்று சொல்வதானால், இந்த நாட்டிலேயே மூத்த சுயாதீன இசை சேரியில்தான் இருக்கிறது. நடவுப் பாட்டு, ஒப்பாரி, தாலாட்டு, கானா, பறை. எந்த முதலாளி போட்ட காசில் இவை உண்டாயின? ஆனால் இவற்றுக்கு அந்தப் பெயரை யாரும் கொடுப்பதில்லை. இவற்றுக்குக் கொடுக்கப்பட்ட பெயர் ‘நாட்டுப்புறப் பாடல்’. அந்தப் பெயருக்குள் ஒரு தந்திரம் இருக்கிறது. நாட்டுப்புறம் என்றால் ஆசிரியர் கிடையாது. ஆசிரியர் கிடையாது என்றால் உரிமை கிடையாது. எவரும் எடுத்துக்கொள்ளலாம். நகரத்துப் பையன் கிதாரோடு மொட்டை மாடியில் பாடினால் அவனுக்குப் பெயர் உண்டு, அவன் சுயாதீனக் கலைஞன். கழனியில் கட்டிப் பாடினவளுக்குப் பெயர் கிடையாது, அவள் மரபு.

அதே சமயம், சேரி இசை எல்லாமே சுதந்திரமாக இருந்தது என்று பெருமை பேசிக்கொண்டிருக்கவும் முடியாது. பறையை எடுத்துக்கொள்ளுங்கள். அது சினிமாவையும் சபாவையும் சாராத இசைதான். ஆனால் அது அடிமைத் தொழிலாக இருந்தது. ஊரில் சாவு விழுந்தால் அடித்தே ஆக வேண்டும். தண்டோரா போட்டே ஆக வேண்டும். முடியாது என்று சொல்ல உரிமை இல்லாத வாசிப்பு எப்படிச் சுயாதீனம் ஆகும்?

எங்கள் பெரியப்பா மோளம் அடித்தவர். பழைய தென்னார்க்காட்டுப் பக்கம் எங்கள் ஊர். எண்பதுகளின் கடைசியில் காலனி கூடி, இனி ஊர்ச் சாவுக்கு அடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். ஊர்க்காரர்கள் வேலையை நிறுத்தினார்கள். கடையில் சாமான் கொடுக்கவில்லை. ஒரு அறுப்பு முழுக்க எங்கள் ஆட்கள் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்ப் பிழைத்தார்கள். பெரியப்பா அந்த மோளத்தைப் பரணில் தூக்கிப் போட்டவர்தான், சாகிறவரை இறக்கவில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்டிருக்கிறேன். “ஏன் பெரிப்பா அடிக்க மாட்டேங்குற?” “அடிக்கத் தெரியும்மா. அதான் அடிக்கல.” அப்போது எனக்குப் புரியவில்லை.

இன்றைக்கு யோசித்துப் பார்க்கிறபோது, எங்கள் ஊரில் நடந்த முதல் சுயாதீன இசை நிகழ்ச்சி அந்த மௌனம்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. முதலில் மறுக்கிற உரிமை. அதற்குப் பிறகுதான் வாசிக்கிற உரிமை. தொண்ணூறுகளில் இந்த மாதிரிப் பத்திரிகைகளில் நடந்த விவாதம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். பறை இழிவின் சின்னம், கொளுத்த வேண்டும் என்று ஒரு பக்கம். பறை நம் கலை, போராட்டக் கருவியாக எடுக்க வேண்டும் என்று இன்னொரு பக்கம். அதை அப்படியே எதிரும் புதிருமாக நிறுத்திவிட்டோம். மறுத்துத் தூக்கிப் போட்ட பெரியப்பாக்கள் இருந்ததால்தான், திண்டுக்கல்லில் சந்திரா உருவாக்கிய சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆட முடிந்தது. ஊருக்காக அடிப்பதும் மேடையில் நமக்காக அடிப்பதும் ஒன்றில்லை என்பதை அந்த மறுப்புதான் காட்டிக்கொடுத்தது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது நான் பரணைத்தான் நினைத்துக்கொண்டேன்.

3

பாட்டைப் பகிர்வது என்பது இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. மோளத்தைப் பரணில் போட்ட அதே பெரியப்பா ஒரு டேப்ரிக்கார்டர் வைத்திருந்தார். டவுனில் ரெக்கார்டிங் சென்டருக்குப் போய் வெற்றுக் கேசட்டைக் கொடுத்தால், கேட்ட பாட்டைப் பதிந்து கொடுப்பார்கள். அறுபது நிமிசக் கேசட் ஒரு விலை, தொண்ணூறு நிமிசம் ஒரு விலை. மாநாட்டுக்குப் போனவர் ஒருவர் வாங்கி வந்த கேசட்டிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று என்று பதிந்து பதிந்து கடைசியில் குரல் தண்ணிக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கும். அப்படித்தான் கே.ஏ. குணசேகரன் எங்கள் வீட்டுக்குள் வந்தார். இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாட்டை அவர் குரலில்தான் முதலில் கேட்டேன். பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் வெண்மணியைத் தெரிந்துகொண்டேன். 1968 டிசம்பரில் குடிசைக்குள் வைத்து 44 பேரைக் கொளுத்தினார்கள் என்பதைப் பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகம் எனக்குச் சொல்லித்தரவில்லை. தேய்ந்துபோன கேசட் சொல்லித்தந்தது.

அந்தக் கேசட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று. அது எத்தனையாவது நகலோ தெரியாது. ஆனால் ஒட்டின காகிதத்தில் பெரியப்பா பால்பாயிண்ட் பேனாவால் எழுதி வைத்திருந்தார்: ‘எழுதியது இன்குலாப், பாடியது கே.ஏ.ஜி.’ அவர் அஞ்சாவது வரைதான் படித்தவர். வேறு யாருக்காவது பதியக் கொடுத்தால், அந்தப் பெயரையும் பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்வார். குரல் தேய்ந்தது, பெயர் தேயவில்லை. காப்புரிமைச் சட்டம் எதுவும் தெரியாமல், கம்பெனி எதுவும் சொல்லாமல், ஒரு மோளக்காரர் செய்த காரியம் இது. தன் வாசிப்புக்கு ஊர் ஒருநாளும் பெயர் சொன்னதில்லை என்பதை அறிந்தவர் அவர்.

பெரியப்பாவின் கையெழுத்துக்கும் என் ‘டிராக் 07’க்கும் நடுவில் என்ன நடந்தது? தொழில்நுட்பம் மாறியது என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. போனிலும் பெயர் மாற்றி எழுதுகிற வசதி இருந்தது. நான் எழுதவில்லை. இன்குலாப் கவிஞர், குணசேகரன் பேராசிரியர், பெயர் எழுதத் தோன்றுகிறது. வியாசர்பாடி அண்ணன்? சாவு வீட்டில் பாடுகிறவன். அவனுக்குப் பெயர் எதற்கு என்று என் மூளையே முடிவெடுத்துவிட்டது. நான் சேரியிலிருந்து போனவள்தான். ஆனாலும் ‘நாட்டுப்புறம்’ என்கிற கண்ணாடியை எனக்கும் மாட்டிவிட்டிருந்தார்கள்.

4

இந்தப் பின்னணியில்தான் 2018ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் தென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கியது. 19 பேர். பெயரின் வேர் அயோத்திதாசப் பண்டிதரிடம் இருக்கிறது. நான் அன்று அங்கே இல்லை. கூட்டாளி ஒருத்தி அனுப்பிய வீடியோவில்தான் பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

முதலில் கண்ணில் பட்டது உடுப்பு. ஒரே மாதிரி கோட்டு சூட்டு. கானா பாடுகிறவன் என்றால் லுங்கியும் கழுத்தில் கர்ச்சீப்பும் என்று சினிமா நமக்குப் பழக்கிவைத்திருந்தது. அண்ணல் ஏன் கோட்டுப் போட்டார் என்பது தெரிந்தவர்களுக்கு இந்த உடுப்பின் பொருள் சொல்லாமலே விளங்கும்.

அடுத்தது சத்தம். சினிமாப் பாட்டில் பறை எப்போது வரும்? சண்டை வரும்போது வரும், குத்தாட்டத்துக்கு வரும், அரை நிமிசம் அடித்துவிட்டுப் போகும். ஊறுகாய் மாதிரி. இங்கே அப்படியில்லை. கிதாரும் டிரம்ஸும் இருக்கின்றன, ஆனால் நடையைக் கானாவும் பறையும்தான் தீர்மானிக்கின்றன. கிதார் அதற்குப் பின்னால் வருகிறது, சில இடங்களில் காத்திருக்கிறது. ராப் சொல்கிறவனும் கானாவின் மூச்சைப் பிடித்துத்தான் சொல்கிறான். இட ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு. மாட்டுக்கறியைப் பற்றி ஒரு பாட்டு. விண்ணப்பப் படிவம் நிரப்பும்போது தலை குனிந்து நின்ற என் வகுப்புத் தோழிகளை நினைத்துக்கொண்டேன். ‘கோட்டா’ என்கிற சொல்லை நாங்கள் காதில் வாங்கியது வசவாகத்தான். அதை ஆட்டம் போட வைக்கிற பாட்டாகக் கேட்டபோது உடம்பில் எங்கேயோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது. இதை விமர்சன மொழியில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அழகியல் என்று இதைத்தான் நான் சொல்வேன்.

மூன்றாவது, பெயர். கானா முத்து, கானா செல்லமுத்து, இசைவாணி, அறிவு என்று பாடுகிறவர் பெயர்கள் வந்தன. ‘ஏரியா அண்ணன்’களுக்கு முகமும் பெயரும் கிடைத்தன. நீலம் 2020 டிசம்பரில் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’யும் இதே வேலையைச் செய்தது. மார்கழி என்றால் சபா, சபா என்றால் மயிலாப்பூர் என்றிருந்த கணக்கில், ஒப்பாரிக்கும் பறைக்கும் கானாவுக்கும் மேடை போட்டது.

குறைகளையும் பேசித்தான் ஆக வேண்டும். முதல் மேடையில் 19 பேரில் ஒரே ஒரு பெண். இசைவாணி. கானா என்பது ஆம்பளைகளின் கோட்டையாகவே இருந்திருக்கிறது. காதலித்தவள் ஏமாற்றிவிட்டாள் என்று அவளைக் கரித்துக்கொட்டுகிற கானாக்களை விடுதியில் நாங்களே கேட்டுச் சிரித்திருக்கிறோம். நம்மவன் பாட்டு என்பதற்காக அதையும் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. அந்தக் கோட்டைக்குள் நுழைந்து தன் குரலை நிறுத்தியவர் என்பதால்தான் இசைவாணி முக்கியம். 2020இல் பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. சபரிமலைத் தீர்ப்பு வந்த 2018இல் அவர் பாடிய ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’ என்கிற பாட்டைத் தோண்டியெடுத்து, 2024 நவம்பரில் அவர் மீது வசவும் மிரட்டலுமாகக் கொட்டினார்கள். குழுவாகப் பாடிய பாட்டு. அடி வாங்கியது ஒரு பெண்ணின் பெயர். பெயர் என்பது மாலை விழுகிற இடம் மட்டுமில்லை, கல் விழுகிற இடமும் அதுவே.

5

அரக்கோணத்துக்காரர் அறிவு 2019இல் ஆஃப்ரோவோடு சேர்ந்து ‘தெருக்குரல்’ வெளியிட்டார். 2018 மே மாதம் தூத்துக்குடியில் சுடப்பட்டுச் செத்த ஸ்னோலின் பெயரில் ஒரு பாட்டு அதில் இருக்கிறது. செத்தவளின் பெயரையே பாட்டின் பெயராக வைப்பது மரண கானாவிலிருந்து வந்த பழக்கமாகவே எனக்குப் படுகிறது. அந்தத் தொகுப்புதான் என் பட்டியலில் மேலே இருக்கும். ஆனால் எல்லாருக்கும் தெரிந்தது 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’தான். தீயும் அறிவும் பாடியது, சந்தோஷ் நாராயணன் தயாரித்தது, மாஜ்ஜா என்கிற சுயாதீன இசைத்தளம் வெளியிட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய குடும்பம் அறிவுடையது. அவருடைய பாட்டி வள்ளியம்மாள் அந்தக் காணொளியிலேயே உட்கார்ந்திருக்கிறார். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று பங்கு போட்டுக்கொண்ட ஜனங்களின் கதை, உலகம் முழுக்க ஆட்டம் போடுகிற பாட்டாக மாறியது. நிலமில்லாதவர்களின் பாட்டு கல்யாண மண்டபத்தில் ஒலிக்கிறபோது நிலம் வைத்திருப்பவர்களும் ஆடினார்கள். ஆடட்டும்.

பிறகு நடந்ததை நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகையின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. இரஞ்சித் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். கண்டனம் வந்த பிறகு அறிவுக்கு ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் மேடையேறினார்கள். அறிவு அங்கே இல்லை. அந்தப் பாட்டை அமைத்து, எழுதி, பாடியவன் நான் என்று அறிவு எழுதினார். அறிவு அமெரிக்காவில் இருந்ததால்தான் வர இயலவில்லை, உரிமையும் வருவாயும் மூன்று பேருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதில் எழுதினார். 2024 மார்ச்சில் அவரே, அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு எந்த வருமானமும் வரவில்லை என்று காணொளி போட்டுச் சொன்னார்.

யார் எவ்வளவு செய்தார் என்று பஞ்சாயத்துப் பண்ணுவது என் வேலை இல்லை. ஒரு பாட்டில் பல கை இருக்கும். தாளம் ஒருவருடையது, சொல் ஒருவருடையது, அந்தச் சொல் அவருடைய பாட்டியிடமிருந்து வந்தது. என் கேள்வி வேறு. பல கை பட்ட ஒரு பாட்டிலிருந்து ஒரு பெயர் உதிர்கிறபோது, எப்போதும் எந்தப் பெயர் உதிர்கிறது? அட்டை ஒட்டுகிறவர் வேண்டுமென்றே சாதி பார்த்தார் என்று நான் சொல்லவில்லை. பார்க்காமலே நடக்கிறது என்பதுதான் பயங்கரம். விடுதியில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு நான் செய்ததும் அதுதான். அடுத்தது, சினிமாவை விட்டு வெளியே வந்த பாட்டுக்கும் கணக்கு வழக்கு இப்படித்தான் இருக்குமானால், ‘சுயாதீனம்’ என்கிற சொல்லுக்கு என்ன அர்த்தம்? கோடிக்கணக்கில் கேட்கப்பட்ட பாட்டு, செய்தவர் வீட்டுக்குச் சோறு கொண்டுவரவில்லை என்றால் அது யாருடைய ஆதீனம்?

6

இப்போது என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் மற்றவர்களை விமர்சிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

எம்.ஏ. தமிழ் படித்தபோது எங்கள் காலனியிலேயே ஒப்பாரிப் பாடல்களைச் சேகரித்து ஆய்வேடு கொடுத்தேன். எனக்கு ஆயா முறையாகிற ஒருத்தர், சுத்துப்பட்டில் அவரைப்போல் ஒப்பாரி வைக்க ஆள் கிடையாது. அவர் சொன்னதைப் போனில் பதிந்து, எழுதி, பொருள் பிரித்து, உவமை கண்டுபிடித்து நல்ல மதிப்பெண் வாங்கினேன். முகப்பில் என் பெயர். வழிகாட்டிய பேராசிரியர் பெயர். பின்னிணைப்பில் ஆயா: ‘தகவலாளி 7. பெண். வயது சுமார் 60. கூலி.’ அந்தப் பாட்டில் ஒன்றை ஒரு கருத்தரங்கில் ஓடவிட்டேன். ஒலிபெருக்கியில் ஆயா அழ, கீழே உட்கார்ந்திருந்தவர்கள் ‘ஆகா’ என்று தலையாட்டினார்கள். அது அவர் செத்துப்போன மகனுக்காகக் கட்டின பாட்டு. கட்டின பாட்டு என்றுதான் சொல்கிறேன், ‘மரபாக வழங்கிவரும்’ பாட்டு இல்லை. அதில் வருகிற கிணறு எங்கள் ஊரில் இருக்கிறது.

அறிவு எழுதியதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போனபோது ஆயாவிடம் போய் உட்கார்ந்தேன். “ஆயா, ஒம் பாட்டப் புத்தகமா போடலாம்னு இருக்கேன். ஒம் பேரு மொத பக்கத்துல வரும்” என்றேன். பாவமன்னிப்புக் கேட்கிற தோரணையில் போனவளுக்கு ஆயா வேறு பாடம் வைத்திருந்தார்.

“எம் பேரப் போடாத.”

“ஏன் ஆயா?”

“பேத்திக்கு மாப்ள பாக்குறாங்க. எழவு வூட்ல பாடுறவ பேத்தின்னு அச்சடிச்சுக் குடுக்கப் போறியா?” கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். பிறகு கேட்டார். “அன்னிக்குப் புடிச்சிகினு போனியே, அத யாருக்குனா குடுத்தியா?”

கருத்தரங்கைப் பற்றிச் சொன்னேன். எல்லாரும் கேட்டார்களா என்றார். கேட்டார்கள் என்றேன். “எம் புள்ளைக்கு வச்சத ஏண்டி அவுங்களுக்குக் கேக்க வச்ச?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

அதனால்தான் இந்தக் கட்டுரையிலும் அவர் பெயர் இல்லை. பெயரைப் போடு, பெயரைப் போடு என்று கத்துகிற கட்டுரையில் முக்கியமான பெயர் இல்லாதது எனக்கே உறுத்துகிறது. ஆனால் பெரியப்பா மோளத்தைப் பரணில் போட்டது எப்படி அவருடைய உரிமையோ, அப்படித்தான் ஆயா தன் பெயரைத் தராததும். இசைவாணி விசயத்தில் பார்த்தோமே, பெயர் எதைக் கொண்டுவரும் என்று. நம் ஜனங்களுக்குப் பெயரோடு சாதியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. சாவுக்குப் பாடுகிறவர், மோளம் அடிக்கிறவர் என்று அச்சில் வருவதை எல்லாரும் கௌரவமாக எடுத்துக்கொள்ள முடிகிற நிலைமை இன்னும் வரவில்லை. ஆகவே கேட்க வேண்டும். பெயரைக் கேட்க வேண்டும், போடலாமா என்றும் கேட்க வேண்டும், இந்தப் பாட்டை வெளியே கொண்டுபோகலாமா என்றும் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். நான் அந்தப் பதிவைப் போனிலிருந்து அழித்துவிட்டேன். ஆய்வேட்டிலிருந்து அழிக்க வழியில்லை, அது பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

7

கடைசியாக, நம் மேடைகளைப் பற்றி. பத்திரிகைக்காரர்களையும் கம்பெனிகளையும் திட்டுவது எளிது. நம் கூட்டங்களில் என்ன நடக்கிறது? பேச்சாளருக்குக் கவர் உண்டு, சால்வை உண்டு, நோட்டீசில் பெயர் உண்டு. பாடுகிறவர்களுக்கு? ‘கலை நிகழ்ச்சி’ என்று ஒரு வரி. கூட்டம் சேரும்வரைக்கும் “தோழர், ரெண்டு பாட்டு பாடுங்க” என்போம். தலைவர் வந்ததும் பாட்டை நிறுத்துவோம். ராத்திரி கடைசி பஸ் போன பிறகு, பறையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்த குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். நான் நடத்திய கூட்டத்துக்கு வந்த குழுவும் அதில் ஒன்று. வண்டிச் செலவு, சாப்பாடு, ஊதியம், நோட்டீசில் பெயர். இந்த நாலையும் கொடுக்காத இயக்கம் பண்பாட்டுப் புரட்சி பேசக் கூடாது.

மாணவிக்குப் பட்டியல் அனுப்பிவிட்டேன். பத்து இல்லை, ஏழுதான். தெருக்குரல் தொகுப்பு: அறிவு, ஆஃப்ரோ. கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் கோட்டா பாட்டு. இசைவாணி பாடிய கானாக்கள். மணிமாறனின் புத்தர் கலைக்குழு வாசிக்கிற பறை. கே.ஏ. குணசேகரன் குரலில் இன்குலாப். பஞ்சாபிலிருந்து ஜலந்தரின் கின்னி மாஹி. நம்மைத் திட்டுகிற சாதிப் பெயரையே பாட்டாக்கித் திருப்பி அடித்த பெண் அவர், மொழி தெரியாமலே கேட்கலாம். மராத்தியில் ஊர் ஊராகப் போய் அண்ணலைப் பாடிய வாமன்தாதா கர்டக். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதியது யார், பாடியது யார், எந்த ஊர் என்று தெரிந்தவரை எழுதினேன். பெரியப்பா கேசட்டில் எழுதின மாதிரி.

எட்டாவதாக அந்த மரண கானாவை எழுதலாமா என்று யோசித்து, எழுதாமல் விட்டேன். விடுதித் தோழியைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். அவள் குடும்பத்தை வியாசர்பாடியிலிருந்து காலி பண்ணிப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டுப் பல வருசம் ஆகிறது. “அந்த அண்ணன் எங்க போனாருன்னு தெரியலடி” என்றாள். பெயரைக் கேட்டேன். தெருவில் கூப்பிடுகிற பெயர் ஒன்றுதான் அவளுக்கு நினைவிருந்தது, அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. ரயிலில் அடிபட்டுச் செத்த சிநேகிதனுக்காக, அவன் சட்டை நிறத்தைச் சொல்லிப் பாடின பாட்டு. 2009க்கு முன்னால் பாடியது. இதைப் படிக்கிற வடசென்னைத் தோழர்கள் யாருக்காவது ஆள் தெரிந்தால், முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால் பத்திரிகைக்கு ஒரு கார்டு போடுங்கள்.